பள்ளிப் பிள்ளைகளுக்கான தடுப்பூசிகள்: அட்டையைப் பார்ப்பதிலிருந்து ஊசி போட்ட மறுநாள் வரை

கைக்குழந்தையாக இருக்கும்வரை தடுப்பூசித் தேதியை யாரும் மறப்பதில்லை. வீட்டுப் பெரியவர்கள் நினைவூட்டுவார்கள், மருத்துவமனையிலும் சொல்லி அனுப்புவார்கள். பிள்ளை பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் அந்தக் கவனம் படிப்புக்கும் பரீட்சைக்கும் போய்விடுகிறது. "அதெல்லாம் சின்ன வயசுலயே போட்டாச்சு சிஸ்டர்" என்று நம்பிக்கையோடு சொல்லும் பெற்றோரை நான் அடிக்கடி பார்க்கிறேன். சின்ன வயதில் போட்டது உண்மைதான். ஆனால் பள்ளிப் பருவத்துக்கென்று தனியாகத் தடுப்பூசிகள் இருப்பது பலருக்குத் தெரிவதில்லை.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கும் பதின்பருவத்தினருக்கும் ஊசி போடுவது என் அன்றாட வேலை. பெற்றோர் கேட்கும் கேள்விகளும், கேட்காமல் விடும் கேள்விகளும் எனக்குப் பழக்கம். அவற்றை வைத்தே இதை எழுதுகிறேன்.

இந்த வயதில் ஊசி எதற்கு என்பதற்குக் காரணங்கள் மூன்று. கைக்குழந்தைப் பருவத்தில் போட்ட சில தடுப்பூசிகளின் பலம் வருடங்கள் போகப் போகக் குறையும். அதை மறுபடி தூண்டிவிட வேண்டும். அப்போது விட்டுப்போன தவணைகளை இப்போதாவது போட்டு முடிக்க வேண்டும். கருப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. போன்ற சில தடுப்பூசிகளுக்கோ இதுதான் சரியான வயது.

முதல் வேலை அட்டையைப் பார்ப்பது

மருத்துவரைப் பார்க்கப் போகும் முன் தடுப்பூசி அட்டையை எடுத்து, வெளிச்சத்தில் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படியுங்கள். அதில் ஓர் இடத்தில் நிறையப் பேர் ஏமாந்துபோவார்கள். பல அட்டைகளில் 'வரவேண்டிய தேதி' என்று ஒரு கட்டமும், 'போட்ட தேதி' என்று ஒரு கட்டமும் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். முதல் கட்டத்தில் மட்டும் தேதி எழுதியிருந்தால் ஊசி போட்டதாக அர்த்தம் இல்லை. அன்றைக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள், அவ்வளவுதான். போட்ட தேதியோ, கையெழுத்தோ, மருந்துப் புட்டியின் தொகுதி எண்ணோ இருந்தால்தான் அதைக் கணக்கில் எடுக்கலாம்.

அட்டையில் மூன்று விஷயங்களைத் தேடுங்கள். தட்டம்மைக்கான ஊசி இரண்டு முறை போடப்பட்டிருக்கிறதா? அது எம்.ஆர். (தட்டம்மையோடு ரூபெல்லா என்ற ஜெர்மன் தட்டம்மைக்கும் சேர்த்து) என்றோ எம்.எம்.ஆர். (இவற்றோடு பொன்னுக்கு வீங்கிக்கும் சேர்த்து) என்றோ எழுதப்பட்டிருக்கும். கல்லீரலைத் தாக்கும் ஹெபடைட்டிஸ் பி நோய்க்கான தவணைகள் முழுதாக முடிந்திருக்கின்றனவா? தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி (டெட்டனஸ்) மூன்றுக்கும் சேர்த்துப் போடும் டி.பி.டி. வகை ஊசி கடைசியாகப் போட்டது எந்த வயதில்? இந்த மூன்றுக்கும் பதில் தெரிந்தாலே மருத்துவர் பாதி வேலையை முடித்துவிடுவார்.

அட்டை தொலைந்துவிட்டதா? ஊசி போட்ட இடத்தின் பதிவேட்டிலும், பள்ளியில் சேர்த்தபோது கொடுத்த நகலிலும் தேடச் சொல்லுங்கள். எங்கும் கிடைக்காவிட்டால் போடவில்லை என்று வைத்துக்கொண்டு தொடங்குவதுதான் வழக்கம். "ஏற்கெனவே போட்டிருந்தா ரெண்டு தடவை ஆயிடுமே" என்று பயப்படுகிறார்கள். எம்.எம்.ஆர்., ஹெபடைட்டிஸ் பி போன்றவை ஒரு தவணை கூடினால் கெடுதல் இல்லை. ரணஜன்னி ஊசியைக் குறுகிய இடைவெளியில் திரும்பத் திரும்பப் போட்டால் மட்டும் கை நன்றாக வீங்கிவிடலாம். அதனால் சந்தேகம் இருந்தால் மருத்துவர் இரத்தப் பரிசோதனை செய்து எதிர்ப்பாற்றல் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்வார்.

இன்னொன்றையும் நான் அடிக்கடி சொல்ல வேண்டியிருக்கிறது. தவணை தள்ளிப்போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை. இரண்டாவது தவணைக்கு ஆறு மாதத்தில் வந்திருக்க வேண்டிய பிள்ளை இரண்டு வருடம் கழித்து வந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தாமதமாகிவிட்டதே, திட்டுவார்களே என்ற கூச்சத்தில் வராமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து வாருங்கள். இடைவெளி நீண்டால் சரிசெய்துகொள்ளலாம். குறைந்தபட்ச இடைவெளிக்கு முன்பே போட்டால்தான் அந்தத் தவணை கணக்கில் சேராது. எம்.எம்.ஆர்., சின்னம்மை போன்ற உயிருள்ள, வலுவிழக்கச் செய்த கிருமியால் ஆன ஊசிகளை ஒரே நாளில் போடலாம்; இல்லையென்றால் நடுவில் நான்கு வாரமாவது விட வேண்டும். ஒரே நாளில் இரண்டு மூன்று ஊசி போட்டால் உடம்பு தாங்குமா என்று கேட்பார்கள். தாங்கும். வெவ்வேறு இடத்தில் போடுவோம்.

எந்தெந்த ஊசி

நாட்டுக்கு நாடு அட்டவணை மாறும். வயதும் தவணை எண்ணிக்கையும் உங்கள் பிள்ளைக்கு எப்படி என்பதை உள்ளூர் அட்டவணையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் அடிப்படை எங்கும் ஒன்றுதான்.

ரணஜன்னி, தொண்டை அடைப்பான் இரண்டுக்கும் சேர்த்துப் போடும் ஊசியில் தொடங்குகிறேன். கைக்குழந்தைப் பருவத்து மூன்று தவணைகளுக்குப் பிறகு மூன்று ஊக்கத் தவணைகள் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்: 12 முதல் 23 மாதத்துக்குள் ஒன்று, 4 முதல் 7 வயதுக்குள் ஒன்று, 9 முதல் 15 வயதுக்குள் ஒன்று. அதிகம் விட்டுப்போவது இந்தக் கடைசித் தவணைதான். ரணஜன்னிக் கிருமியின் வித்துகள் மண்ணில் எங்கும் இருக்கின்றன. அந்த நோய் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குத் தொற்றுவதில்லை. ஆகவே வகுப்பில் மற்ற எல்லோரும் ஊசி போட்டிருந்தாலும் போடாத பிள்ளைக்கு அதனால் பாதுகாப்பு கிடைக்காது. ரணஜன்னி ஒருமுறை வந்து பிழைத்தவருக்கும் அதனால் எதிர்ப்பாற்றல் உண்டாவதில்லை, அவரும் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும். சில நாடுகளில் இதோடு கக்குவான் இருமலுக்கான மருந்தையும் சேர்த்துப் போடுகிறார்கள். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இதைக் கட்டாயம் கேளுங்கள். பெரிய பிள்ளைக்கு வெறும் நீண்டநாள் இருமலாகத் தெரிவது, தொட்டிலில் இருக்கும் பிள்ளைக்கு மூச்சை நிறுத்திவிடக் கூடும்.

தட்டம்மைக்கு இரண்டு தவணை. ஒன்று போட்டாயிற்றே என்று விட்டுவிடாதீர்கள். ஒரு தவணை சுமார் 93 சதவீதம் பாதுகாப்புத் தரும், இரண்டும் போட்டால் சுமார் 97 சதவீதம். அந்த நாலு சதவீதம் என்ன பெரிய வித்தியாசம் என்று தோன்றலாம். தட்டம்மை வந்தவர் ஓர் அறையை விட்டுப் போன பிறகும் இரண்டு மணி நேரம்வரை அந்தக் காற்றில் கிருமி நிற்கும். எதிர்ப்பாற்றல் இல்லாதவர்கள் அருகில் இருந்தால் பத்துப் பேரில் ஒன்பது பேருக்குத் தொற்றிவிடும். ஒரு வகுப்பறையை நினைத்துப் பாருங்கள், இரண்டாவது தவணையின் அருமை புரியும். பெண் பிள்ளைகளுக்கு இதிலுள்ள ரூபெல்லா பாதுகாப்பும் முக்கியம். பிற்காலத்தில் கருவுற்றிருக்கும்போது ரூபெல்லா வந்தால் வயிற்றிலுள்ள குழந்தையின் கண், காது, இதயம் பாதிக்கப்படும்.

தட்டம்மை ஊசியால் ஆட்டிசம் வரும் என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. அது 1998-ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஒரு கட்டுரையிலிருந்து கிளம்பியது. அந்தக் கட்டுரையை 2010-ல் அந்த இதழே திரும்பப் பெற்றுக்கொண்டது. அதற்குப் பிறகு இலட்சக்கணக்கான குழந்தைகளை வைத்துப் பல நாடுகளில் ஆராய்ந்தும் ஊசிக்கும் ஆட்டிசத்துக்கும் தொடர்பு கிடைக்கவில்லை. கேட்பதற்குக் கூச்சப்படாதீர்கள். கேட்டுத் தெளிந்துகொண்டு போடுவது நல்லது.

எச்.பி.வி. பற்றிக் கொஞ்சம் விரிவாக

பெற்றோரின் முகம் மாறுவது இந்த ஊசியின் பெயரைச் சொல்லும்போதுதான். கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கு எச்.பி.வி. எனப்படும் மனிதப் பாப்பிலோமா வைரஸ்தான் காரணம் என்று கண்டறிந்ததற்காக ஹரால்ட் ட்ஸுர் ஹவுசன் 2008-ல் நோபல் பரிசு பெற்றார். அந்த வைரஸின் 16, 18 என்ற இரண்டு வகைகள் மட்டுமே உலகில் வரும் கருப்பை வாய்ப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். 2022-ல் மட்டும் உலகம் முழுவதும் சுமார் 3,50,000 பெண்கள் இந்த நோயால் இறந்திருக்கிறார்கள். தடுக்கக்கூடிய புற்றுநோய் இது. அதனால்தான் இந்த ஒரு ஊசிக்காக நான் பெற்றோரோடு எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உட்கார்ந்து பேசுவேன்.

உலக சுகாதார நிறுவனம் முதன்மையாகச் சொல்வது 9 முதல் 14 வயதுப் பெண் பிள்ளைகளுக்கு. "இவ்வளவு சின்ன வயசுல எதுக்கு சிஸ்டர்?" என்று அம்மாக்கள் குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். பதில் நேரானது. இந்த வைரஸ் பாலுறவு வழியாகப் பரவுகிறது. உடம்பில் கிருமி நுழைவதற்கு முன்பே எதிர்ப்பாற்றல் தயாராக இருக்க வேண்டும். வந்துவிட்ட தொற்றை இந்த ஊசி குணப்படுத்தாது. இன்னொரு காரணம், இந்த வயதில் உடம்பு ஊசிக்கு மிக நன்றாக எதிர்வினை காட்டும். ஆகவே குறைந்த தவணையே போதும். பதினைந்து வயதுக்குக் கீழே என்றால் பல அட்டவணைகளில் ஆறு மாத இடைவெளியில் இரண்டு தவணை. 2022 இறுதியில் உலக சுகாதார நிறுவனம் 9 முதல் 20 வயது வரை ஒரே தவணை போடும் முறையையும் ஏற்றுக்கொண்டது; பல நாடுகள் அதற்கு மாறியிருக்கின்றன. நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்குத் தவணை கூடும்.

இதைப் போட்டால் குழந்தை பிறக்காது என்ற வதந்தி பல வீடுகளில் இருக்கிறது. 2006-ல் அனுமதி கிடைத்ததிலிருந்து உலகெங்கும் கோடிக்கணக்கான தவணைகள் போடப்பட்டுவிட்டன. மலட்டுத்தன்மை உண்டாக்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் இல்லை. கருப்பை வாய்ப் புற்றுநோய் வந்து அதற்குச் செய்யும் அறுவையும் கதிர்வீச்சும்தான் பிள்ளைப்பேற்றைப் பறிக்கின்றன. இங்கிலாந்தில் 12, 13 வயதில் இந்த ஊசி வழங்கப்பட்ட பெண்கள் வளர்ந்த பிறகு கணக்கெடுத்தபோது, அவர்களிடையே கருப்பை வாய்ப் புற்றுநோய் 87 சதவீதம் குறைந்திருந்தது. 2021-ல் வெளியான ஆய்வு அது.

ஆண் பிள்ளைகளுக்கும் இது உண்டு. தொண்டை, ஆசனவாய், ஆண்குறிப் புற்றுநோய்கள் சிலவற்றுக்கும் இதே வைரஸ் காரணம். ஆஸ்திரேலியா 2007-ல் பெண் பிள்ளைகளுக்குத் தொடங்கி 2013-ல் பையன்களையும் சேர்த்துக்கொண்டது. உங்கள் நாட்டு அட்டவணையில் பையன்கள் இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் கேட்கலாம். ஊசி போட்ட பெண்களும் பிற்காலத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்பதையும் மகளுக்கு இப்போதே சொல்லிவையுங்கள். எல்லா வகை வைரஸையும் ஊசி தடுப்பதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஹெபடைட்டிஸ் பி தவணைகள் முடியாமல் இருந்தால் இப்போது முடித்துவிடுங்கள், அதுவும் கல்லீரல் புற்றுநோயைத் தடுக்கும் ஊசிதான். சின்னம்மை வராத, ஊசியும் போடாத பிள்ளை என்றால் இரண்டு தவணை போடலாம். வயது ஏறஏற அந்த நோயின் தீவிரமும் ஏறும். விடுதியில் தங்கிப் படிக்கப் போகிற பதின்பருவத்தினர் மெனிங்கோகாக்கல் மூளைக்காய்ச்சல் ஊசியைப் பற்றிக் கேட்க வேண்டும். நெருக்கமாகத் தங்கும் இடங்களில் அது வேகமாகப் பரவும், சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகிவிடும். ஆஸ்துமா, சர்க்கரை நோய், இதய நோய் உள்ள பிள்ளைகளுக்கு ஃப்ளூ ஊசி ஆண்டுதோறும்.

முன்கூட்டியே சொல்ல வேண்டியவை

சளி, லேசான இருமல், லேசான காய்ச்சல் இருந்தால் ஊசியைத் தள்ளிப்போட வேண்டியதில்லை. கடுமையான காய்ச்சல் என்றால் குணமானதும் வாருங்கள். ஆனால் சில விஷயங்களை எங்களிடம் மறைக்கவே கூடாது: முன்பு ஏதாவது ஊசிக்கு மூச்சுத்திணறலோ உடம்பெல்லாம் தடிப்போ வந்ததா, புற்றுநோய்க்கோ வேறு நோய்க்கோ எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கும் மருந்து சாப்பிடுகிறதா, இரத்தம் உறையாத பிரச்சினை உண்டா, இரத்தம் எடுக்கும்போது எப்போதாவது மயங்கி விழுந்ததா. வளர்ந்த பெண் பிள்ளையிடம் கர்ப்பம் பற்றித் தனியாக ஒரு கேள்வி கேட்போம். எல்லோரிடமும் கேட்கும் கேள்விதான் அது. உயிருள்ள தடுப்பூசிகளைக் கர்ப்பிணிகளுக்குப் போடக் கூடாது என்பதற்காகக் கேட்கிறோம்.

பள்ளியிலேயே ஊசி போடுகிறார்கள் என்றால் ஒப்புதல் படிவம் வரும். அது புத்தகப்பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். தேடி எடுத்து, ஒவ்வாமை என்ற இடத்தை வெறுமையாக விடாமல், இல்லையென்றால் 'இல்லை' என்று எழுதிக் கொடுங்கள். வெறும் கட்டத்தைப் பார்த்தால் நாங்கள் உங்களைத் தொலைபேசியில் பிடிக்க வேண்டும். கிடைக்காவிட்டால் பிள்ளை ஊசி போடாமலே வகுப்புக்குத் திரும்பும்.

ஊசி போடும் நாள்

வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். தண்ணீர் குடித்திருக்கட்டும். சட்டைக்கை தோள்வரை எளிதாகச் சுருட்டக்கூடியதாக இருக்கட்டும். இறுக்கமான முழுக்கைச் சட்டை போட்டுவந்த பிள்ளை, மற்றவர்கள் முன்னால் கழற்ற வெட்கப்பட்டே பாதி பதறிவிடும்.

வலிக்காது என்று சொல்லாதீர்கள். போன வாரம்கூட ஓர் அம்மா மகளிடம், "ஒண்ணுமே தெரியாதும்மா, நீ பாரேன்" என்றார். அந்தப் பெண் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நிஜமா வலிக்காதா?" என்று கேட்டாள். "கொஞ்சம் வலிக்கும் கண்ணு. நான் அஞ்சு எண்ணி முடிக்கிறதுக்குள்ள முடிஞ்சிடும். இன்னைக்கு ராத்திரி கை கொஞ்சம் கடுக்கும்" என்றேன். அவள் தோள் சட்டென்று இறங்கியது. எனக்கு வேண்டியது அதுதான். தசையை விறைப்பாக வைத்திருந்தால் வலி கூடும். நான் கையைத் தொடையின்மேல் தளர்த்தி வைக்கச் சொல்லி, முழங்கையைக் கொஞ்சம் மடக்கிவிட்டு, தோள் எலும்பின் முனையைத் தொட்டுப் பார்த்து, அதற்கு இரண்டு மூன்று விரல் கீழே சதை திரண்டிருக்கும் இடத்தில் போடுவேன். பார்க்க விரும்புகிற பிள்ளை பார்க்கட்டும். விரும்பாத பிள்ளையின் கன்னத்தைப் பிடித்துத் திருப்ப வேண்டாம், தானே திரும்பிக்கொள்ளும். கைபேசியில் ஏதாவது பார்ப்பதும் நல்ல உபாயம்தான். மிகவும் பயப்படும் பிள்ளைக்கு மரத்துப்போகச் செய்யும் களிம்பு கிடைக்கும். ஒரு மணி நேரம் முன்பே தடவ வேண்டும் என்பதால் முதலிலேயே கேட்டு வையுங்கள். இரண்டு மூன்று ஊசி இருந்தால் அதிகம் வலிப்பதைக் கடைசியில் போடச் சொல்லலாம்.

பதின்பருவத்தில் நான் மிகவும் கவனமாக இருப்பது மயக்கத்தில். பயந்தவர்கள்தான் மயங்குவார்கள் என்றில்லை. சிரித்துப் பேசிக்கொண்டே ஊசி போட்டுக்கொண்ட பையன், எழுந்து கதவுப் பக்கம் போகும்போது முகம் வெளுத்துச் சாய்வதுண்டு. மயக்கத்தைவிட விழுகிற அடியே ஆபத்து. அதனால் உட்காரவைத்துத்தான் போட வேண்டும். போட்டபின் பதினைந்து நிமிடம் அங்கேயே உட்கார வேண்டும். முன்பு மயங்கிய பிள்ளையைப் படுக்கவைத்தே போடுவோம். தலை சுற்றுகிறது, காது அடைக்கிறது, வியர்க்கிறது என்றால் உடனே படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். தொடைத் தசைகளை இறுக்கி இறுக்கி விடச் சொன்னால் இரத்த அழுத்தம் இறங்காமல் இருக்கும்.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. கடுமையான ஒவ்வாமை மிகமிக அரிது, ஏறத்தாழ பத்து லட்சம் தவணைகளில் ஒன்று. வந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களிலேயே வரும். அதற்கு உடனே போடும் மருந்தான அட்ரினலின் எங்கள் கையருகே இருக்கும். ஆகவே அவசரம் என்று கிளம்பிவிடாதீர்கள்.

வீட்டுக்குப் போன பிறகு

ஊசி போட்ட இடத்தைத் தேய்க்க வேண்டாம். கை வலி, லேசான வீக்கம், உடம்பு அசதி, காய்ச்சல் ஒன்றிரண்டு நாள் இருக்கலாம். ஈரத்துணி ஒத்தடம் கொடுங்கள், கையை வழக்கம்போல் அசைக்கச் சொல்லுங்கள். பாரசிட்டமால் தேவைப்பட்டால் எடைக்கேற்ற அளவில் கொடுக்கலாம். வலி வருவதற்கு முன்பே கொடுத்துவைக்க வேண்டாம். ஆஸ்பிரின் பிள்ளைகளுக்கு வேண்டவே வேண்டாம். எம்.எம்.ஆர். போட்டால் காய்ச்சலும் லேசான சிவப்புத் தடிப்பும் ஐந்து முதல் பன்னிரண்டு நாள் கழித்து வரலாம். ஊசியை மறந்துவிட்டு வேறேதோ என்று பதறாதீர்கள். மூச்சுத்திணறல், முகமோ உதடோ வீங்குதல், நினைவு தப்புதல் இவற்றில் எது வந்தாலும் வீட்டில் காத்திராமல் அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். காய்ச்சல் இரண்டு நாளைத் தாண்டினாலோ, சிவப்பு பரவிக்கொண்டே போனாலோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

அன்றே அட்டையைப் படம் எடுத்து உங்கள் கைபேசியிலும் பிள்ளையின் கைபேசியிலும் சேமியுங்கள். கடைசியாக ரணஜன்னி ஊசி போட்ட தேதி பிள்ளைக்கே தெரிந்திருக்கட்டும். விளையாட்டில் விழுந்து ஆழமாகவோ அழுக்காகவோ காயம் பட்டால், முதலில் சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு நன்றாகக் கழுவ வேண்டும். அடுத்து மருத்துவர் கேட்பது அந்தத் தேதியைத்தான். அடிப்படைத் தவணைகள் முடிந்திருந்தால், சுத்தமான சிறு காயத்துக்குப் பத்து வருடத்துக்குள் போட்டிருந்தால் போதும். அழுக்கான காயம் என்றால் ஐந்து வருடம் தாண்டியிருந்தாலே இன்னொரு ஊசி போடுவார்கள். தேதி தெரியாமல் போய் நின்றால் அவர்கள் முதலிலிருந்து விசாரிக்க வேண்டியிருக்கும், ஊசியோடு சில நேரம் இம்யூனோகுளோபுலின் என்ற, உடனே பாதுகாப்புத் தரும் தயார்நிலை எதிர்ப்பொருள் மருந்தும் சேர்த்துப் போட வேண்டி வரும்.